எட்டாத பல்லி

போன மாதம் ஸ்பானிஷ் வகுப்பில் ‘பெனா’ என்றொரு சொல் வந்தது. மெக்சிகோ வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்காக அலுவலகமே எங்களுக்கு நடத்தும் வகுப்பு அது. ஸ்பெயினில் அதற்குத் துக்கம் என்று பொருள், மெக்சிகோவில் பெரும்பாலும் வெட்கம் என்றார் ஆசிரியை. இரண்டையும் எப்படி ஒரே சொல்லில் போட்டு அடைத்தார்கள் என்று பக்கத்து நாற்காலிப் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வயதிலேயே அவை இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் வந்தன.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடம் ஒரு தனி மரியாதை உண்டு. மேலே பல்லி விழுந்தால் தோஷம். வரதராஜர் கோவிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் அது கழியும். வர முடியாதவர்கள், தொட்டுவிட்டு வந்தவர்களைத் தொட்டாலே போதும். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட என் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அம்மாவும் என்னவோ அந்தப் பல்லியைத் தானே பெற்றவள் மாதிரி கையை நீட்டுவாள்.

தாமலில் வாழ்க்கைப்பட்ட என் சித்திக்கு அப்போது எட்டு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் தலையில் பல்லி விழுந்துவிட்டது. தலையில் விழுந்தால் மரணம் என்று பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கிறதாம். சித்தி நடுங்கிப்போனாள். வயிற்றுப்பிள்ளையோடு கோவில் கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். இவ்வளவு பெரிய தோஷத்துக்குப் புதிதாகத் தொட்டுவந்த சொந்தக் கைதான் வேண்டும் என்றாள் அம்மா. அவளுக்கோ அவை கோவிலுக்குப் போகக்கூடாத நாட்கள். அதனால் மறுநாள் காலை எதிர்வீட்டு அக்காவோடு என்னை அனுப்பினாள்.

சனிக்கிழமை, நல்ல கூட்டம். பல்லிகள் கூரையில் இருக்கும். படியேறி நின்று கையை உயர்த்தித் தொட வேண்டும். எனக்கு எட்டவில்லை. எம்பினேன், அப்போதும் நாலு விரற்கடை குறைந்தது. அக்கா தொட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். “போம்மா, போய்க்கினே இரு” என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். வெளியே வந்ததும், தொட்டாயா என்று அக்கா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் குள்ளச்சி என்று பெயர் வாங்கியவள், எட்டவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? தொட்டேன் என்றேன்.

மதியமே அம்மா என்னை பஸ்ஸில் தாமலுக்குக் கூட்டிப்போனாள். சித்தியின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணும் மங்கலாகத் தெரிகிறது என்றாள். பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. என்னைப் பார்த்ததும் என் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“பாரம் கொறைஞ்ச மாதிரி இருக்குதுக்கா. ஆட்டோவ அனுப்பிடு, திங்கக்கெழம போய்க்கலாம்” என்றாள் அம்மாவிடம்.

வீடே நிம்மதியானது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்திக்கு வலிப்பு வந்தது. காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் வழியிலேயே போய்விட்டாள். குழந்தையும்தான்.

சாவு வீட்டில் வலது கையைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதேன். “சித்தின்னா உசுரு அதுக்கு” என்று யாரோ சொன்னார்கள். உயிர்தான். ஆனால் அந்த அழுகையில் சித்திக்காக எவ்வளவு, பொய் தெரிந்துவிடுமோ என்ற வெட்கத்துக்கு எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டு கதறியபோது செத்துவிடலாம் போலிருந்தது.

பல்லியைத் தொடாத கையைக் கொடுத்ததால்தான் சித்தி செத்தாள் என்று பல வருஷம் நம்பினேன். பிறகு நான் உண்டாகியிருந்தபோது, கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால் அரை மணி நேரம்கூடத் தாமதிக்காதே, அது ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னார். அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியாதது அதுதான். நான் தங்கப் பல்லியைத் தொட்டிருந்தாலும் சித்தி செத்துத்தான் போயிருப்பாள். எட்டவில்லை என்று சொல்லியிருந்தால் பயந்துகொண்டே ஆட்டோவில் ஏறியிருப்பாள். அவளைக் காப்பாற்ற அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது அவளுடைய பயம் ஒன்றுதான். அதை என் கை போக்கிவிட்டது.