பொன்னக்காவும் ஓவனும்

பொன்னுத்தங்கத்தை எங்கள் ஆய்வகத்தில் பொன்னக்கா என்போம். விஸ்வநத்தத்தில் பதினெட்டு வருஷம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு எங்கள் கல்லூரிக்கு உதவியாளராக வந்தவர். நாரணாபுரம் காட்டில் பற்பாடகம் என்ற மூலிகைச் செடியைத் தேடிப் பிடுங்கி வருவது, காயவைத்து அரைப்பது, நோட்டில் எழுதுவது எல்லாம் அவர்தான். முடி மாதிரி மெலிந்த அந்தச் செடி என் கண்ணில் தட்டுப்படவே படாது.

மலேரியாக் கிருமியை அடக்கும் சத்து ஏதாவது செடியில் அகப்படாதா என்பது என் மூன்று வருஷப் பாடு. பொன்னக்கா தயாரித்த பொடியின் சாற்றை மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினேன். கிருமி செத்திருந்தது. ஆனால் அந்த முடிவு ஒரு தடவை வந்தால் போதாது, திரும்பவும் வரவேண்டும். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அவர் லீவு போட்டபோது, பிடுங்கி வைத்துப்போன செடியை நானே ஓவனில் காயவைத்து இரண்டு தடவை அனுப்பினேன். இரண்டிலும் ஒன்றுமில்லை.

நான் கோபக்காரி. யார் மேலாவது எரிந்து விழவேண்டும், லீவு முடிந்து வந்த பொன்னக்கா அகப்பட்டார்.

"நோட்டுல நீங்க எழுதினபடிதானேக்கா செஞ்சேன்?"

அவர் முந்தானையைத் திருகினார். "கோவிச்சுக்கிடாதீக டீச்சர். நா அந்த ஓவன ஒருநாளும் போட்டதே இல்ல."

"அறுபது டிகிரின்னு எழுதியிருக்கே?"

"நீங்க எழுதச் சொன்னீக, எழுதினேன். கம்பெனியில பொடிய சூட்டுப் பக்கமே கொண்டுபோக விடமாட்டாக. அம்புட்டு வருசம் பழகின கையி, சுவிட்ச அமுக்க வரல. மாடிப்படிக்குக் கீழ நெழல்ல விரிச்சுப் போட்டேன்."

ஆய்வக நோட்டில் பொய் எழுதுவது பெரிய குற்றம். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சூட்டில்தான் சத்து போயிருக்கிறது. புதிதாகப் பிடுங்கிய செடியில் பாதியை ஓவனிலும் பாதியை மாடிப்படிக்குக் கீழும் காயவைத்து, மூன்று முறை சோதிக்கச் சொல்லி அனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு வந்தது. ஓவன் பொடி சுத்தச் சோடை. நிழல் பொடி மூன்று முறையும் கிருமியைத் தீர்த்திருந்தது. சோதனைக் குழாயில்தான், மருந்தாக இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. இருந்தாலும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"பொய் எழுதினதுக்கு, இனி வரவேண்டாம்னு சொல்ல வந்தீகளா டீச்சர்?"

"இல்லக்கா. பலிச்சிருச்சு. கட்டுரையில என் பேரோட உங்க பேரும் வரணும். எப்படிப் போடட்டும்?"

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "சோ. பொன்னுத்தங்கம்" என்று இனிஷியலோடு நிமிர்ந்து சொன்னார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.