அண்ணனின் இரட்டை விசில்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. எனக்குப் பேச வரும் என்பதால், அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் கொடுத்தார்கள். இந்த வாய் எனக்கு நிலையாகச் சோறு போட்டதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் கொடுத்தார்கள்.

அண்ணன் பிறந்தது கடலூர் முதுநகரில். சிறு வயதிலேயே தந்தையை இழந்தோம். அண்ணனுக்குத் திக்குவாய். ஆனாலும் அவர் ஆசைப்பட்டது ஒரே வேலைக்குத்தான்: கடலூர்–சிதம்பரம் பேருந்தில் கண்டக்டர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தனியார் பேருந்து முதலாளி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, வேலை கிடைக்கும் முன்பே காக்கிச் சட்டை தைத்துக்கொண்டார். துணைக்கு நானும் போனேன். வழியிலுள்ள ஊர்ப் பெயர்களைக் கூவச் சொன்னார் முதலாளி.

"ஆ... ஆ..." என்று தொடங்கினார் அண்ணன்.

"போதும் தம்பி. நீ ஆலப்பாக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி சிதம்பரம் போயி திரும்பிடும்."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார். மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டிருந்தால் திட்டக்குடி வரை சொல்லியிருப்பேன். வேலை எனக்குக் கிடைத்தது.

"என்னாடா ஆச்சி?" என்றார் வாசலில் நின்ற அம்மா.

"ந... நம்ம வூட்டுக்கு வேல கெடச்சிடுச்சிம்மா" என்றார் அண்ணன். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வயிறு சரியில்லை என்று அன்று அவர் சாப்பிடவில்லை. அந்தச் சட்டைக்குள் என்னைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு தொளதொளப்பு.

அண்ணன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கே தொழிலாளர்களோடு சேர்ந்து பாடியபோது ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. அன்றிலிருந்து ஊர்ப் பெயர்களை அந்த மெட்டிலேயே பாடிப் பழகினார்.

நானோ பயணிகளோடு வாயாடியே வேலையை இழந்தேன். எனக்காகப் பேச அண்ணன் உடன் வந்தார்.

"உங்க வூட்ல ஒருத்தனுக்கு வாய் வரல, ஒருத்தனுக்கு வாய் அடங்கல. நான் என்னா பண்றது?" என்றார் முதலாளி.

அந்த வேலையைத் தனக்குக் கேட்பதுபோல் அண்ணன் பாடினார்: "ஆலப்பாக்கம்... புதுச்சத்திரம்... புவனகிரி..."

"இது என்னாய்யா, பஸ்ஸா பஜனையா?"

"வி... விசிலுக்குத் திக்காது மொதலாளி. ஒரு நாள் பாருங்க."

பக்கத்தில் நின்ற டிரைவர் சொன்னார்: "ஏத்திக்கலாம் மொதலாளி. இவன் தம்பி பேசனதுல எனக்குக் காதே போயிடுச்சி. இனிமே பாட்டாவது கேக்கறேன்."

சட்டை அண்ணனிடமே திரும்பியது.

முதல் நாள் பயணிகள் அவரைப் போலவே திக்கிக் காட்டினார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, அடுத்த ஊரைப் பாடினார். நாளடைவில் புதுச்சத்திரத்துப் பெண்கள் முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு "பாட்டு வண்டி"க்காகக் காத்திருந்தார்கள். அவர் இரண்டு விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும். ஓய்வு பெறும்வரை அந்த வேலையிலேயே இருந்தார்.

"மொத நாளு அவங்க திக்கிக் காட்டனப்ப வலிக்கலியாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வலிச்சிது. அதுக்காக ம... மறுநாள் வண்டி ஓடாதா?"

அண்ணனின் கடைசி நாட்களில் இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவருக்கும், தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. தள்ளாத வயதில் சிதம்பரத்திலிருந்து வந்த அந்த டிரைவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அண்ணனைத் தூக்கும் நேரத்தில், அந்த டிரைவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

என் வாழ்நாளில் எனக்குப் பேச்சு வராமல் போனது அப்போதுதான்.