ஒன்றேகால் மணி மறு ஒலிபரப்பு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இது நடந்தது. நாள் தெரியும்; நேரமும் நிமிடக் கணக்கில் தெரியும். 1938 ஏப்ரல் 25, திங்கட்கிழமை. சிகாகோவில் ஒரு வானொலி நிலையத்தின் பத்தொன்பதாவது மாடி. பகல் ஒன்றேகால் மணி. இருட்டு இல்லை, நாய் ஊளையிடவில்லை. கீழே தெருவில் ஆயிரம் பேர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பகலில் எதுவும் வராது என்ற தைரியத்தில் வாழ்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெர்னா கில்ஃபாய்லுக்கு அந்த நிலையத்தில் வேலை அழுவது. வேறு எதுவும் இல்லை. தினமும் ஒலிபரப்பான 'மில்பர்ன் வீட்டு மருமகள்' என்ற பதினைந்து நிமிட நாடகத்தில் நாயகி அடெலாக நடித்தவள் ஹாரியட் லிண்ட்குவிஸ்ட். ஹாரியட்டின் குரலில் தேன் இருந்தது, குறும்பு இருந்தது, கெஞ்சல் இருந்தது. அழுகை மட்டும் இல்லை. அழச் சொன்னால் தும்மலை அடக்குகிறவள்போல் ஒரு சத்தம் எழுப்புவாள். ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அழுகை வரும் இடத்தில் ஹாரியட் பக்கத்தில் நிற்கும் வெர்னாவின் முழங்கையைத் தொடுவாள், ஓசைப்படாமல் பின்வாங்குவாள். வெர்னா மைக்கின் முன்னால் வந்து அழுவாள். நியூயார்க் முதல் நெப்ராஸ்கா வரை சமையலறைகளில் பெண்கள் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதுவார்கள்... ஹாரியட்டுக்கு.

நாலு வருடங்கள். வெர்னாவின் பெயர் ஒருநாள்கூட வானொலியில் சொல்லப்படவில்லை.

"இந்தா வெர்னா, இதுவும் உன் அழுகைக்கு வந்ததுதான்," என்று ஹாரியட் கடிதக் கட்டை அவள் மடியில் போடுவாள். "ஸ்டாம்பை வேணா கிழிச்சுக்கோ. உங்க அக்கா பையன் சேக்கிறானே."

வெர்னா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றையும் படிப்பாள். 'உங்கள் அழுகையைக் கேட்ட பிறகு என் கணவரை மன்னித்துவிட்டேன், ஹாரியட் அவர்களே.' அந்தப் பெயர் வரும் இடத்தில் அவள் கண் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். நெருப்பை மடியில் வைத்துக்கொண்டு படிப்பதுபோல் இருக்கும். ஆனாலும் படிக்காமல் இருக்க முடியாது.

ஒலி விளைவுகளைச் செய்யும் ஃப்ளாய்டுக்கு இது தெரியும். "நான் தேங்காய் மூடியைத் தட்டிக் குதிரை ஓட்டறேன்," என்பான். "ஆஹா என்ன குதிரைன்னு குதிரையைத்தான் பாராட்டுறாங்க. அதுக்காக நான் குதிரை மேல பொறாமைப்படறேனா?"

"குதிரை உன் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுதா?" என்று கேட்டாள் வெர்னா ஒருநாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

நாடகம் ஒரு நாளைக்கு இரண்டு முறை நடிக்கப்பட்டது. காலை பத்தேகாலுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கும் சிகாகோவுக்கும். பிறகு அதே வசனத்தாள்களை வைத்துக்கொண்டு, பகல் ஒன்றேகாலுக்கு, மேற்கே கலிஃபோர்னியாக்காரர்களுக்கு. பதிவுசெய்த குரலை ஒலிபரப்பக் கூடாது என்பது அப்போதைய விதி. ஏப்ரல் கடைசியில் சிகாகோ தன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், கலிஃபோர்னியா தள்ளாது. அதனால் வருடந்தோறும் அந்த வாரத்திலிருந்து மறு ஒலிபரப்பு இரண்டேகாலுக்கு மாறிவிடும். ஆனால் அந்த வருடம் ஒரு வாரம் பொறுத்து மாற்றலாம் என்று முடிவுசெய்து, அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். வெர்னா அதைப் படித்திருந்தாள். ஹாரியட் அறிவிப்புப் பலகை பக்கமே போகிறவள் இல்லை.

பகல் 12:20. நடிகர்கள் அறையில் தொலைபேசி மணி அடித்தது. வெர்னா எடுத்தாள்.

"வெர்னாவா? நான்தான். முடி அலங்காரக் கடையில இருக்கேன். இன்னைக்கு ரிபீட் ஒண்ணேகாலா, ரெண்டேகாலா? கடிகாரத்தை மாத்தினதுல எனக்கு ஒண்ணுமே புரியலை."

அறையில் வேறு யாரும் இல்லை.

"ரெண்டேகால்," என்றாள் வெர்னா. "வருஷா வருஷம் அப்படித்தானே?"

"அப்பாடா. அப்போ சுருள் வச்சுக்கவும் நேரமிருக்கு. நீ தங்கம்டி."

வெர்னா தொலைபேசியை வைத்தாள். ஒரே ஒரு முறை. பதினைந்தே நிமிடம். ஹாரியட் வரவில்லை என்றால் அடெலின் வசனங்களை யார் பேசுவார்கள்? ஹாரியட்டின் குரலை மூச்சு விடும் இடம்வரை அறிந்தவள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான். இயக்குநர் ஹால்வர்சன் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்... அவள் திட்டம் அவ்வளவுதான். ஹாரியட்டுக்குத் திட்டு விழவேண்டும். தனக்கு வாய்ப்பு வேண்டும். அதற்கு மேல் எதையும் அவள் நினைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன்.

1:10. ஹாரியட் இல்லை.

1:12. ஹால்வர்சன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார். "எங்கம்மா அந்த மகாராணி? யாராவது பாத்தீங்களா?"

"காலையில போனவதான் சார். இன்னைக்கு அடெலுக்குத் தனிக் காட்சிதானே. வேணும்னா நான் பேசறேன்," என்றாள் வெர்னா.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அழறவ பேசுவியா?"

"பேசறவ அழாம நாலு வருஷம் ஓட்டலையா சார்?"

ஃப்ளாய்ட் தன் மேசைக்குப் பின்னால் இருமினான். ஹால்வர்சன் ஹாரியட்டின் வசனத்தாள்களை அவள் கையில் திணித்தார். "எவனுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. நாடகத்துக்குப் பணம் போடற சோப்புக் கம்பெனிக்காரன் என் தலையை எடுத்துடுவான்."

அன்றைய காட்சி எளிமையானது. அடெலின் கணவன் ரோலண்ட் கோபத்தில் தன் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறான். அடெல் மூடிய கதவின் முன்னால் நின்று கெஞ்சுகிறாள். அவன் பேசவே மாட்டான். கடைசியில் அவள் அழுகிறாள். ஃப்ளாய்டின் மேசையில் ஒரு கதவும் ஒரு சுவர்க் கடிகாரமும் மட்டுமே இருந்தன. ஓர் ஓரத்தில் ஆர்கன் வாசிப்பவர். வேறு யாரும் இல்லை.

1:14. கனமான இரட்டைக் கதவுகள் மூடின. வெளி உலகத்தின் சத்தம் அறுந்தது.

1:15. சிவப்பு விளக்கு எரிந்தது. ஆர்கன் ஒலித்தது. அறிவிப்பாளரின் குரல் வேறோர் அறையிலிருந்து வந்து ஓய்ந்தது.

அப்போது வெர்னாவின் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் திரவத்தின் நெடி. ஈரமாக. மிக அருகில்.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

கீழே பார்த்தாள். மைக்கின் அடியில் ஒரு ஜோடிக் காலணி இருந்தது. பக்கம் பக்கமாக, ஒழுங்காகக் கழற்றி வைத்ததுபோல். சாம்பல் நிறம். ஹாரியட் மைக் முன்னால் எப்போதும் வெறுங்காலில்தான் நிற்பாள். காலணி கிறீச்சிட்டால் மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நிமிடம் முன்பு அது அங்கே இல்லை.

காலையில் மறந்துவிட்டுப் போயிருப்பாள் என்று வெர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் காலணியிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது...

கண்ணாடிக்குப் பின்னால் ஹால்வர்சன் விரலை நீட்டினார். ஆரம்பி.

வெர்னா வாயைத் திறந்தாள். "ரோலண்ட், கதவைத் திற. நான்தான்."

அது ஹாரியட்டின் குரல். சாயல் அல்ல. அதே குரல்.

ஹால்வர்சனின் முகம் மலர்ந்தது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் காட்டினார். பிரமாதம். வெர்னாவுக்கு உடல் சிலிர்த்தது. மகிழ்ச்சியால்தான். சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. இத்தனை நாள் இந்தக் குரலும் என்னிடம் இருந்திருக்கிறதே என்று நினைத்தாள். இனி அவள் எதற்கு?

1:18. மூன்றாவது வசனம். அவள் மூச்சை இழுத்தாள். வாயைத் திறப்பதற்குள் வசனம் கேட்டுவிட்டது.

அரை நொடி முன்னால்.

1:20. ஒரு தாள் தரையில் விழுந்தது. பேசி முடித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவவிடுவதுதான் அங்கே வழக்கம். ஆனால் வெர்னா இன்னும் நழுவவிடவில்லை. அவளுடைய தாள்கள் எல்லாம் அவள் கையில்தான் இருந்தன.

விழுந்த தாள் நனைந்திருந்தது.

1:22. ஹால்வர்சன் இரண்டு கைகளையும் மெல்ல விரித்தார். நிதானமாகப் பேசு, நேரம் இருக்கிறது. குரல் நிதானமானது. வெர்னா அல்ல... குரல்.

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

"ரோலண்ட். கதவைத் திற. எனக்குக் குளிருது."

குளிர் பற்றி வசனத்தாளில் ஒரு வார்த்தையும் இல்லை.

1:24. ஃப்ளாய்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய மூடிய உதடுகளை அவன் பார்த்துவிட்டான். அவன் கை கடிகாரத்தின் மேல் அப்படியே நின்றது.

ஓட வேண்டும். ஆனால் சிவப்பு விளக்கு எரியும்போது அந்த அறையில் யாரும் அசைவதில்லை. பழக்கம். கால் நகரவில்லை.

1:26.

முழங்கையில் ஒரு தொடுகை.

ஈரம்.

ஐந்து விரல்கள்... பிறகு வெறுங்கால்கள் பின்வாங்கும் மெல்லிய ஓசை. ஒரு காலை மட்டும் இழுத்து... இழுத்து...

வெர்னா அழுதாள். நடிப்பில்லை. நாலு வருடங்களில் அழாத அழுகை. அடிவயிற்றிலிருந்து வந்தது. நிறுத்த முடியவில்லை. ஹால்வர்சன் கழுத்தின் குறுக்கே விரலை இழுத்தார். நிறுத்து. முடியவில்லை. ஆர்கன் அவள் அழுகையை மூழ்கடித்து ஒலித்தது.

1:27. சட்டென்று அழுகை நின்றது. யாரோ சுவிட்சை அணைத்ததுபோல்.

தரையில் காலணி இல்லை. தாள் இல்லை. ஈரம்கூட இல்லை.

விளக்கு அணைந்ததும் ஹால்வர்சன் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "இத்தனை நாள் எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த இந்தக் குரலை? அவளேதான் வந்து நின்னாளோன்னு ஆயிடுச்சு எனக்கு."

ஃப்ளாய்ட் வெளியே போனான்.

1:50க்குத் தொலைபேசி வந்தது. கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஹாரியட் டிராமில் அடிபட்டுச் செத்துப்போனாள்.

முடி அலங்காரக் கடைக்கு வந்த நிலையத்துத் தட்டச்சுப் பெண் ஒருத்தி, "நீங்க இங்கயா இருக்கீங்க? ஒண்ணேகாலுக்கு உங்க ரிபீட் இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். ஹாரியட் ஈரத் தலையோடு மழையில் ஓடியிருக்கிறாள். அடிபட்ட நேரம் 1:11.

அன்று மாலையே அடெல் பாத்திரம் வெர்னாவுக்கு என்று முடிவானது. ஹாரியட் இறந்தது நேயர்களுக்குத் தெரியக் கூடாது என்றார்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள். பெயர் ஹாரியட் என்றே இருக்கட்டும். சம்பளத்தை மட்டும் உயர்த்துகிறோம். வெர்னா தலையாட்டினாள்.

இதற்குப் பிறகு தெரியவந்தவைதான் இந்தச் சம்பவத்தை எழுத வைத்தன.

முதலாவது, டிராம் நடத்துநர் போலீசில் சொன்னது. ஹாரியட் உடனே சாகவில்லை. சக்கரங்களுக்கு அடியில் சிக்கியிருந்தாள். வெளியே எடுக்க முடியவில்லை. பதினாறு நிமிடம் உயிரோடிருந்தாள். "பேசிக்கிட்டே இருந்தாங்க சார். ரோலண்ட், கதவைத் திற, கதவைத் திறன்னு. புருஷன் உள்ள மாட்டிக்கிட்டாரோன்னு வண்டி பூரா தேடினோம். கதவு எல்லாம் திறந்துதான் இருந்துச்சு. கடைசியில ஒரு நிமிஷம் அழுதாங்க. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்லை." உயிர் போன நேரம் என்று அவர் சொன்னது 1:27.

அடுத்தது கடிதங்கள். கலிஃபோர்னியாவிலிருந்து சாக்குப்பைகளில் வந்தன. அடெல் இதுவரை இப்படி அழுததில்லை என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். வெர்னா அவற்றை மடியில் குவித்துக்கொண்டு நடிகர்கள் அறையிலேயே உட்கார்ந்து படித்தாள். ஃப்ளாய்ட் எதிரில் இருந்தான். இருவருக்கும் இடையே அந்த நாளைப் பற்றிய பேச்சு அதுவரை எழவில்லை.

ஃப்ரெஸ்னோ நகரத்து இல்லத்தரசி ஒருத்தியின் கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு ஃப்ளாய்டிடம் நீட்டினாள்.

'அன்புள்ள ஹாரியட், அந்த அழுகையைக் கேட்டு நானும் என் மாமியாரும் ஒரு மணி நேரம் பேசவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். வீட்டுக்குள் நடக்கும் காட்சியில், நீங்கள் அழும்போது பின்னால் மழைச் சத்தமும் டிராம் மணியும் எதற்கு? விலகுங்கள் விலகுங்கள் என்று யாரோ கத்துகிறார்களே, அது யார்?'

"என் மேசையில மணியே இல்லை வெர்னா," என்றான் ஃப்ளாய்ட். "மழைச் சத்தம் எழுப்பற தகரத்தை நான் அன்னைக்குத் தொடவே இல்லை."

தான் சொன்ன பொய்யை வெர்னா அப்போதுதான் அவனிடம் சொன்னாள். அவன் ஒருவனிடம் மட்டும். இதெல்லாம் வெளியே தெரிந்தது அவன் வழியாகத்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அவள் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதக் குவியலைப் பார்த்தபடி கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்று ஃப்ளாய்ட் சொன்னான்.

"அப்போ... நான் அழுதது ஒருத்தருக்குக்கூடக் கேக்கலையா?"