மரணக் கிணற்றில் வண்டி ஓட்டியவர்

ஒரு மாதமாகத் தேர்தல் மேடைகளில் கத்திக்கொண்டிருந்த என்னை, ஒரு நாளாவது அரசியலை மறக்கச் சொல்லித் திருவொற்றியூர் பொருட்காட்சிக்கு இழுத்துப் போனாள் மனைவி. பத்து வயது மகளும் வந்தாள். அங்கே மரணக் கிணற்றில் பைக் ஓட்டியவர் நாற்பது வயதுப் பெண். தலை நிறையக் கனகாம்பரம். வண்டியில் ஏறுமுன், தளர்ந்த பலகை ஏதும் இருக்கிறதா என்று கிணற்றின் வட்டப் பலகைச் சுவரை முஷ்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

வண்டி சுவரில் சுழன்று, மேலே விளிம்பில் நின்ற எங்கள் காலடி வரை ஏறி வந்தபோது, எட்டிப் பார்த்த மகளின் துப்பட்டா நழுவி அவர் முகத்தில் விழுந்தது. கண் மறைந்தபடியே அரைச் சுற்று ஓட்டினார். கத்த வாயைத் திறந்தேன். பயத்தில் சத்தம் வரவில்லை. அவர் ஒரு கையால் துணியை உருவிவிட்டு மெல்லக் கீழே இறங்கினார்.

ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“கொயந்ததானே, வுடு நைனா. நல்லவேள, மேலேர்ந்து யாரும் கத்தல. கத்திருந்தா பதறிப்போய் வுயுந்திருப்பேன்” என்று சிரித்தார்.

துப்பட்டாவை உதறி மகளிடம் நீட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்ததும் அதே கையால் வண்டியைப் பிடித்தார். நின்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெளியே வந்தும், பலகைகள் அதிரும் சத்தம் சட்டென்று நின்றுவிடுமோ என்று பயந்தபடி மூவரும் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தோம்.