பெரியம்மா குடிபோன கதை

எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர், அவரும் நானும். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். டெலிபோன் கேபிள் இழுக்க வந்தவர். இழுத்த கேபிளின் மறுமுனையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப்போய் அங்கேயே இருபத்தாறு வருஷம் தங்கிவிட்டார். தலைமை மருத்துவர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கேபிள் அண்ணன். எனக்கும்தான்.

எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத நீள அறை எங்களுடையது. ஏசி குளிருக்குப் பயந்து ஒரு ஸ்வெட்டரைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்திருப்பேன். பதினோரு சர்வர்கள். அண்ணன் எல்லாவற்றுக்கும் உறவுமுறைப் பெயர் வைத்திருந்தார். மின்னஞ்சல் சர்வர் மாமா, வேலை குறைவு, அதிகாரம் அதிகம். பிரிண்டர்களைக் கவனித்தது மருமகன், எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றிலும் பழையது பெரியம்மா.

பெரியம்மாவிடம் இருந்தது டயாலிசிஸ் பிரிவின் முழு விவரம். யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில்தான். அந்த மென்பொருளை எழுதிய நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பெரியம்மா படுத்தால் டயாலிசிஸ் பிரிவின் பதினான்கு படுக்கைகளும் படுத்துவிடும்.

ஒருநாள் அப்படித்தான் படுத்தது. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார் போல, போனை அண்ணி எடுத்தார். எனக்குப் பதற்றம். "அண்ணி, பெரியம்மா போயிட்டாங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணன் தலை துவட்டி வெளியே வருவதற்குள் அண்ணி அழுது முடித்து, ஏழு வீட்டுக்குச் சொல்லியும் முடித்திருந்தார். அண்ணனின் நிஜப் பெரியம்மா வீட்டு வாசலில் மாலையோடு நான்கு பேர். கதவைத் திறந்த கிழவி, "யாரு போனது? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அண்ணி எனக்கு ஒரு சட்டம் போட்டார். போனில் பேசினால் முதலில் "மெஷின்" என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் உறவு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நிர்வாகம் கண் திறந்தது. பதினோரு பழைய பெட்டிகளையும் தூக்கிவிட்டு, திடமான மூன்று புதுப் பெட்டிகளை வாங்குவது, அவற்றுக்குள் பதினோரு சர்வர்களையும் மெய்நிகர் சர்வர்களாகக் குடிவைப்பது என்று முடிவாயிற்று. ஒரே வீட்டில் பல குடித்தனம், அவ்வளவுதான் விஷயம். ஆனால் எந்த மென்பொருள் தளத்தில் குடிவைப்பது, எந்தக் கருவியால் மேய்ப்பது? அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று தளங்கள் எங்கள் பட்டியலில் மிஞ்சின. அண்ணன் ஓய்வு பெற ஏழே மாதம் இருந்தது. அதற்கப்புறம் அந்த அறையில் நான் ஒருத்தி மட்டும். பதினான்கு படுக்கைகளும் என் தலையில்.

ஆளாளுக்கு அம்பது பக்கம் ஒப்பீட்டு அறிக்கை எழுதுவார்கள். அண்ணன் எழுதவில்லை. கேன்டீன் பரீட்சை என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தளத்திலும் பெரியம்மாவின் நகலை ஏற்றி ஓடவிட்டு, வேண்டுமென்றே ஒரு பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்குவார். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். நான் தனியாக அதை எழுப்ப வேண்டும்.

முதல் தளம் பெரிய நிறுவனத்துடையது. மேலாண்மைத் திரை கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த மேலாண்மைக் கருவியே ஒரு மெய்நிகர் சர்வராக அந்தப் பெட்டிக்குள்தான் குடியிருந்தது. அண்ணன் கம்பியைப் பிடுங்கியதும் அதுவும் செத்துவிட்டது. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதைதான். சுற்றுவழி ஒன்று இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேன்டீனுக்கு ஓடினேன்.

இரண்டாவது தளத்தில் எல்லாமே கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் வேலை. அண்ணனுக்கு அது உயிர். விரல் விளையாடும். எனக்கோ சிக்கிக்கொண்ட ஒரு சர்வரை முதலில் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கான கட்டளை என்ன தெரியுமா? "அழி" என்று பொருள்படும் சொல்! நிறுத்துவதற்கு எவனாவது அந்தப் பெயர் வைப்பானா? சொல்லை அடித்துவிட்டேன், என்டரைத் தட்ட விரல் வரவில்லை. பத்து நிமிடம் அதையே வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேன்டீனுக்குப் போனேன்.

"அது அழிக்காதும்மா, அணைக்கத்தான் செய்யும்" என்றார் டீயை ஊதிக்கொண்டே.

"அப்ப அணைன்னு பேர் வைக்க வேண்டியதுதானே அண்ணே! யாரு வீட்டுத் தாலிய அறுக்கப் பாக்குறான்?" என்று அங்கேயே கத்தினேன். கேன்டீன்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது தளம் பார்க்கச் சுமார்தான். சாதாரண உலாவியில் ஒரு பக்கம் திறக்கும். மூன்று பெட்டிகளில் எதிலிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம், ஒன்று செத்தாலும் மற்றது காட்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெரியம்மாவை, எதிர்க் கட்டிடத்தில் வைத்த மூன்றாவது பெட்டிக்கு நகலெடுத்து வைக்கும். பத்தொன்பது நிமிடத்தில் எழுப்பிவிட்டேன். அண்ணன் கேன்டீனில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, பொறுக்க மாட்டாமல் அவராகவே வந்து கதவைத் திறந்து பார்த்தார். நான் ஸ்வெட்டருக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

நிர்வாகத்துக்கு அவர் கொடுத்த அறிக்கை அரைப் பக்கம்தான். மூன்றாவதை எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: "எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் அவருக்கு அது கைவராது."

எனக்கு வந்ததே கோபம்! கைவராதாம். இருபது வருஷம் கூடவே குப்பை கொட்டியவளை, நாலு பேர் படிக்கிற காகிதத்தில், முட்டாள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். பதினோரு சர்வர்களையும் இருவரும் சேர்ந்துதான் குடிமாற்றினோம், வேலைக்கு வேண்டிய வார்த்தையை மட்டும் பேசிக்கொண்டு. அவர் ஒன்றிரண்டு தடவை டீ வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். ஆறவிட்டேன். ஓய்வு பெற்ற அன்று நீட்டிய ஒப்படைப்புத் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அண்ணி போன் செய்தார். "உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றார்.

பழக்க தோஷம். "எந்த சர்வர் அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"மெஷின் இல்லம்மா" என்றார் அண்ணி. அந்தக் கேள்விக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, பத்தே முக்காலுக்கு, சர்வர் அறையில் கருகல் வாடை. பெரியம்மா குடியிருந்த பெட்டி அணைந்திருந்தது. டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் கதவில் நின்று, "அக்கா, ஆறு பேர ஏத்தியாச்சு, எட்டுப் பேரு வெளிய காத்திருக்காங்க. யாருக்கு எவ்வளவுன்னு தெரியல" என்றாள். என் கால் தன்னால் கேன்டீன் பக்கம் திரும்பியது. இரண்டு எட்டு வைத்தும் விட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள்?

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒப்படைப்புத் தாளைத் தேடி எடுத்து, முதல் தடவையாகப் படித்தேன். "பெரியம்மா நகல்: எதிர்க் கட்டிடம், எண் 107." உலாவிப் பக்கத்தைத் திறந்து 107-ஐத் தேடினேன். பெரியம்மா என்று பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கச்சி என்று இருந்தது.

அதை அழுத்தினேன். குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதி வைத்திருந்தார்:

"பெரியம்மா படுத்தா தங்கச்சிய எழுப்புங்க, பாத்துக்கும். முதல் ரெண்டுலயும் என்னைத் தேடிக் கேன்டீனுக்கு வந்தீங்க. மூணாவதுல வரல. அதனாலதான் அதை எடுத்தேன். கோவம் ஆறினா ஒரு டீ குடிங்க."

எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். பதினோரு நிமிடம். டயாலிசிஸ் பிரிவிலிருந்து நர்ஸ் போனில், "வந்துடுச்சுக்கா, எல்லார் பேரும் வந்துடுச்சு" என்று கத்தினாள்.

அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, மெஷின்" என்றேன் முதலில். "பெரியம்மா போயிட்டாங்க. தங்கச்சி எழுந்துட்டா."

"டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டார் அண்ணி.