சனிக்கிழமை விற்காத எண்ணெய்

இன்ஜின் ஆயில் விற்கிறவளுக்கு வீட்டில் இருக்கிற மாமியார் ஒரு பொருட்டே இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் மாமியார்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று வதைபடுகிற என் சொந்தங்களே, உங்களுக்குத் தெரியாததா! மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். கடைசியில் "மெக்கானிக்கைக் கேட்டுட்டு வாரேன்" என்று நடையைக் கட்டுவார்கள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணம் முடிந்து திருவனந்தபுரம் வந்தவள் நான். கரமனையில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மணி சாரின் காரால் பட்ட பாடு இருக்கிறதே, அது தனி.

எடைக்குப் போகிற கார்

மணி சார் அக்ரஹாரத்துக்காரர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா வாங்கிய கார் என்னைவிட மூத்தது. கோயம்புத்தூர் பந்தயத் தடத்தில் பழைய கார்களுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வைக்கிறார்களாம். பெயர் கொடுத்துவிட்டேன், என்ன எண்ணெய் ஊற்றலாம் என்று வந்து நின்றார். சார் வண்டியை எடுத்தால் தெருநாய்கூட முன்னாலேயே எழுந்து போய்விடும். அப்படிப்பட்டவர் பந்தயத் தடத்தில்! கூடவே அவர் மனைவி, கணக்கு டீச்சராக இருந்த மாமி. இருபது வருஷம் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்.

எண்ணெய் தவறி இன்ஜின் இறுகிப்போனால் உள்ளே மாற்றச் சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. சாருக்கு அந்தப் பயம் முகத்திலேயே தெரிந்தது. மாமி என்னைப் பார்த்துச் சொன்னார்: "செல்வி, நீயே சாட்சி, கேட்டியா. இன்ஜின் போச்சுன்னா திங்கக்கிழமை காலம்பர இதை எடைக்குப் போட்டுடுவேன். எனக்குத் துளசி வைக்க இடமாவது கிடைக்கும்."

மருமகன் சொன்ன எண்ணெய்

சாரின் மருமகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். போனை நீட்டி, இருக்கிறதிலேயே விலை கூடிய எண்ணெயைக் காட்டினார். தண்ணீர் மாதிரி இருக்கும் அது. நானும் பொறுமையாகத்தான் சொன்னேன். புது இன்ஜினுக்குள் இடைவெளி மயிரிழை அளவு, அதற்கு மெல்லிய எண்ணெய் சரி. இந்தக் கிழட்டு இன்ஜினில் இடைவெளி பெரிது. தடத்தில் முழு வேகத்தில் கொதிக்கும்போது மெல்லிய எண்ணெய் நழுவிவிடும், இரும்பும் இரும்பும் உரசும். அதனால் 'இருபது ஐம்பது' என்று டப்பாவில் போட்டிருக்கிற கெட்டி எண்ணெய்தான் வேண்டும், தேய்மானம் தடுக்கத் துத்தநாகம் சேர்த்தது.

எல்லாம் கேட்டுக்கொண்டு விலையைக் கேட்டார். சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை சீப்பா? அப்போ எந்தோ குழப்பம் உண்டு, உறப்பு!" ஏதோ கோளாறு இருக்கிறது, நிச்சயம் என்கிறார்.

சாஸ்திரம்

சார் ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் வெள்ளிக்கிழமை கடை அடைக்கிற நேரத்தில் மாமியோடு மூச்சிரைக்க ஓடி வந்து, நான் சொன்ன நாலு லிட்டர் டப்பாவையே வாங்கினார். நாளைக்குச் சனிக்கிழமை அல்லவா? எண்ணெய் வாங்கக் கூடாதே! நல்லெண்ணெய்க்குச் சொன்ன சாஸ்திரத்தை என் தலையிலும் கட்டிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் நான் ஈ ஓட்டுவதற்கு இந்த மாமி போன்றவர்கள்தான் காரணம். வயிற்றெரிச்சலில் கேட்டேவிட்டேன்: அப்படியானால் சனிக்கிழமை பெட்ரோல் மட்டும் போடலாமா?

மாமி அசரவில்லை. "பெட்ரோல் எங்கேடி எண்ணெய்? அது ஆவியான்னா போறது!"

நிறைகுடம்

சனிக்கிழமை காலையில் எதிரே இருக்கிற சசி மெக்கானிக்கின் பட்டறையில் கார் நின்றது. அங்கிருந்து நேராகக் கோயம்புத்தூர். மனசு கேட்காமல் போய் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். அடப் பாவமே! மேல்கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை எண்ணெய். இன்ஜின் பிடிப்பது மூன்றரை லிட்டர். மீதி அரை லிட்டரை டப்பாவில் வைக்கக் கூடாதென்று மாமி தன் கையாலேயே ஊற்றிவிட்டாராம். விளக்குக்கு யாராவது குறையாக எண்ணெய் விடுவார்களா?

தடத்தில் ஓடும்போது கூடுதல் எண்ணெயை இன்ஜின் அடித்து நுரையாக்கிவிடும், நுரை எதையும் காப்பாற்றாது, எடுத்தே ஆகவேண்டும் என்றேன். "வெள்ளிக்கிழமை நிறைச்சு விட்டதைக் குறைக்கப்படாது" என்று மாமி வழிமறித்து நின்றுவிட்டார். அப்புறம் எங்கிருந்தோ புத்தி வந்தது. "மாமி, சனிக்கிழமை எண்ணெய் வாங்கத்தானே கூடாது? தானம் கொடுக்கலாமே. சனீஸ்வரனுக்கு உகந்தது!" மாமி சட்டென்று வழிவிட்டார். தானத்துக்கு ஆள் தேடும் முன்பே சசி காருக்கடியில் பாத்திரத்தோடு படுத்திருந்தான். "எண்டெ ஸ்கூட்டருக்கு ஏழரைச் சனியாணு மாமி, இங்கோட்டு தந்நோளு!" தானத்தைத் தனக்கே தரச் சொல்கிறான்.

திங்கட்கிழமை

ஞாயிறு முழுக்க எனக்கு அந்தக் கார் நினைப்புதான். எண்ணெய் நான் சொன்னது, பழியும் எனக்குத்தானே? திங்கள் காலை கடை வாசலில் ஹாரன். ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கியது மாமி! தடத்துக்குள் நுழையும்போதே சார் பயந்துபோய் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாராம். "நகருங்கோ" என்று சொல்லிவிட்டு மாமியே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாராம். எட்டுச் சுற்று. பதினொரு காரில் ஏழாவது. எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் கடைசி வரை ஆடவே இல்லையாம். சார் பக்கத்தில் நின்று வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்போ துளசி, மாமி?" என்றேன். "துளசி மாடியில இருக்கட்டும். அடுத்த வருஷத்துக்கும் இதே எண்ணெயை எடுத்து வை. நானே வந்து வாங்கிக்கறேன், சனிக்கிழமையானாலும் பாதகமில்லை."

பன்னிரண்டு வருஷம் தொண்டை கிழியப் பேசியும் என்னால் நகர்த்த முடியாத சனீஸ்வரனை ஒரு கிழட்டுக் கார் எட்டே சுற்றில் நகர்த்திவிட்டது என்றால், நாமெல்லாம் இத்தனை நாளும் வாயைத் திறந்ததுதான் தப்பு.