பென்சிலால் எழுதிய கால்

நஸ்ரினுக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான், அதனால் சொல்லலாம். காலையில் கிண்ணியா பஸ்ஸில் வந்து கதிரையில் உட்கார்ந்தால் பகல் சாப்பாடு வரை எழும்பமாட்டாள். தேடி வருகிறவர்கள் மேசைக்கு மேலே தெரியும் பாதி நஸ்ரினை மட்டும்தான் கண்டிருப்பார்கள்.

பிறந்த பிள்ளைகளின் தாள்கள் அவளுடைய பொறுப்பு. பிள்ளைக்குப் பிறவிக் குறை இருந்தால் டாக்டர் எழுதுவார். அதற்குரிய குறியீட்டை நஸ்ரின் கணினியில் பதிவாள். அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் கிளினிக்கில் இருந்து பிள்ளையைச் சிகிச்சைக்குக் கூப்பிடுவார்கள். பேனையால் எழுதாத எதையும் அவளால் பதிய முடியாது.

எங்கள் பிரசவ வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் தொடங்கியதோ தெரியாது. பெண் பிள்ளைக்குக் குறை என்றால் முதலில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். வீட்டார் கெஞ்சினால் அழித்துவிடலாம், பிறகு கலியாணம் பேசும்போது எந்தக் கடதாசியும் குறுக்கே வராது. இதற்கு இரக்கம் என்று பெயர் வேறு. எனக்குக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இறக்கக்கண்டி ஊர்ச் சிந்துஜனுக்குப் பிறந்த மகளுடைய தாளும் அப்படித்தான் வந்தது. இடது பாதம் உள்ளே திரும்பியிருக்கிறது என்று பென்சிலில் ஒரு வரி. பின்னாலேயே சிந்துஜனும் வந்து நின்றான். கடலுக்குப் போகிறவன். அழுது கண் சிவந்திருந்தது.

“மிஸ், அந்த வரிய அழிச்சு விடுங்கோ. பொம்பிளப் பிள்ளை. நாளைக்கு ஆராவது கிண்டினா அவளிட வாழ்க்கை போயிடும். காலுக்கு நாங்க எண்ணெய் தடவி நேராக்குவம்.”

“எண்ணெயால நேராகாது, தம்பி. இப்ப இருந்தே கிழமைக்குக் கிழமை பிளாஸ்டர் போட்டுத் திருப்பினா ஓடித் திரிவா. அழிச்சா ஆர் உங்களக் கூப்பிடுற?”

“உங்களுக்கு விளங்காது, மிஸ்.”

நஸ்ரின் எழும்பினாள். மேசையைச் சுற்றி அவன் முன்னால் வந்தாள். அவளுடைய வலது பாதம் வெளிவிளிம்பில்தான் ஊன்றும். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாயும்.

“என்ட கடதாசியில ஒரு குறையும் இல்ல. உம்மா கெஞ்சி அழிப்பிச்சவ. பாசத்திலதான். கடதாசி சுத்தம், காலப் பாருங்க.”

 

தாளை எடுத்துக்கொண்டு அவள் வார்டுக்கு நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். வாசலில் தாதி மறித்தார். “அவையளே கேட்கினம். அழிச்சு விட்டா உமக்கு என்ன போகப்போகுது?”

“எனக்குப் போக ஒண்டுமில்ல, சிஸ்டர். என்ட கால் போய்க் கனகாலம்.”

உள்ளே டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சிந்துஜனின் மனைவி லோஜனா, மற்றத் தாய்மார் காணாதபடி பிள்ளையின் காலைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நஸ்ரின் தாளை நீட்டினாள்.

“தங்கச்சி, இத அழிக்கச் சொல்லி உங்கட ஆள் கேட்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?”

அதுவரை அவளை ஒருவரும் கேட்கவில்லை. லோஜனா தாளைப் பார்க்கவில்லை. நஸ்ரினின் காலை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையின் துணியை அவிழ்த்து எறிந்தாள். சின்னப் பாதம் வார்டு முழுக்கத் தெரிந்தது.

“டாக்டர், பேனையால எழுதுங்கோ.”

“லோஜி, நாளைக்குப் பொம்பிள பார்க்க வாறவன்…” என்று சிந்துஜன் இழுத்தான்.

“வரட்டும். என்ட பிள்ளை நடந்து போய்க் கதவத் திறப்பா. அவன் சரியில்லாட்டி அவளே சாத்துவா.”